இரண்டாவது தெய்வம்மாவின் வயது

நடுவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தெய்வம்மாவுக்கு, 1980ஆம் வருடம், பெற்றவன் கணக்குப்படி வயது இருபத்தெட்டு. சர்க்கார் கணக்குப்படி முப்பத்தெட்டு. பெற்றவன் வாய்க்கு இந்தத் தேசத்தில் என்ன மதிப்பு? ஆகவே அவளுக்கு முப்பத்தெட்டு.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். அவள் அப்பா செல்லையா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது, 1942இல் அவருக்கு ஒரு பெண் பிறந்தது. குலசாமி பேரைச் சேர்த்துத் தெய்வம்மா என்று வைத்தார்கள். மூன்று வயதில் அது காய்ச்சலில் போய்விட்டது. ஏழு வருடம் கழித்து இன்னொரு பெண் பிறந்தாள். அவளுக்கும் தெய்வம்மா என்றே வைத்தார்கள். பேருக்குரியவள் போனாலும் பேர் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது அந்த லயத்து வரிசை வீட்டு ஜனங்களின் வழக்கம். இரண்டாவது தெய்வம்மா பிறந்த சமயம் தோட்டத்துக் கிளார்க்கு லீவில் இருந்தார். திரும்பி வந்தவருக்குப் பழைய பிறப்புகளைப் பதிகிற பழக்கம் இல்லை.

பிறகு இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, மலையில் வேலை செய்கிறவர்களை இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குத் திரும்பக் கண்டி ஆபீசில் விண்ணப்பம் கொடுக்கப் போன செல்லையாவிடம் பெண்ணின் பிறப்புச் சீட்டைக் கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஒன்றுதான். அதைக் கொடுத்தார். பேர், அப்பன் பேர், ஆத்தா பேர், தோட்டத்தின் பேர், எல்லாம் சரியாக இருந்தன. பிள்ளைதான் வேறு.

ஆபீசர் சீட்டைப் பார்த்தார், எதிரில் நின்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்தார்.

"இருபத்தாறு வயசுப் பொண்ணா இது?"

"இளைச்சுப் போயிருக்குங்க தொரை. மலைக் காத்து" என்றார் செல்லையா.

மலைக்காற்றுக்கு வயதைக் குறைக்கும் சக்தி உண்டு என்று நம்பினாரோ, வரிசையில் பின்னால் நின்ற நாற்பது பேரைப் பார்த்தாரோ, ஆபீசர் முத்திரையைக் குத்திவிட்டார். 1971இல் கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்து, நடுவட்டம் வந்து சேர்ந்தபோது தெய்வம்மாவுக்குப் பத்தொன்பது. பாஸ்போர்ட்டில் இருபத்தொன்பது. அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வேலை கிடைத்தது, லயத்தில் வீடு கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து, இலங்கையிலிருந்து வந்த இன்னொரு குடும்பத்துப் பையன் வீரையாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு இருபத்தைந்து. தோட்டத்து ஆபீசில் பதியப் போனபோது கிளார்க்கு இரண்டு பேருடைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏப்பா, உன்னைவிட ஏழு வயசு மூத்ததையா கட்டிக்கிட்டே?"

"ஆமாங்க. விவரமான புள்ளைங்க" என்றான் வீரையா.

இந்தக் கதை லயம் முழுக்கப் பரவி, கொஞ்ச நாள் அவனை எல்லாரும் 'தம்பி மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்கள். தெய்வம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஐம்பத்தெட்டில் வேலையை விட்டு அனுப்புவார்கள், அப்போது தனக்கு நாற்பத்தெட்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். காகிதத்து வயது காகிதத்தோடு கிடக்கும்வரை அதனால் யாருக்கும் தலைவலி இல்லை.

அவளுக்கு இருந்த வருத்தம் வேறு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு தரம் உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்தன. இரண்டாவது தரம் கொழுந்துக் கூடை முதுகில் இருக்கும்போதே நடந்தது. மூன்றாவது தரம் உண்டானபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் மாதம் வரைக்கும் வயிறு தாங்கியதும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். கம்பவுண்டர் பயந்துபோய் ஊட்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். சீட்டில், பதிவேட்டைப் பார்த்து, வயது முப்பத்தெட்டு என்று அழகாக எழுதினார்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசுந்தரி என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷி. மூன்று வருடம் சீமையில் படித்துவிட்டு ஒரு கம்பளிக் கோட்டோடும் ஒரு புதுச் சோதனையோடும் திரும்பி வந்திருந்தார். முப்பத்தைந்து தாண்டிய தாய்மாருக்கு அங்கே செய்கிற சோதனை அது. அது நம் மலையில் வேலை செய்கிற பெண்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார். அனுமதி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து தாண்டிப் பிள்ளை பெற வருகிறவள் ஒருத்திகூட வரவில்லை. இந்த மலையில் முப்பத்தைந்துக்குள் பாதிப் பேர் பேரன் எடுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் தெய்வம்மா சீட்டோடு வந்து நின்றாள்.

"முப்பத்தெட்டா? பார்த்தா தெரியலையே" என்றார் டாக்டரம்மா, சந்தோஷமாக.

உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் ஊசி போட்டு, பிள்ளையைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்புவார்கள். பிள்ளைக்குப் புத்தி வளர்ச்சி குறைவாக இருக்குமா என்று அங்கே சொல்லிவிடுவார்கள்.

"உன் வயசுல நூத்தி எழுபது பேருல ஒருத்திக்கு அப்படிப் பிள்ளை பிறக்கும். அப்படின்னு தெரிஞ்சா, வேண்டாம்னு எடுத்துடலாம். செலவெல்லாம் மிஷன் பார்த்துக்கும்."

"ஊசியால புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நூறு பேருல ஒருத்திக்குக் கலையலாம்" என்றார். "அதனாலதான் சின்ன வயசுக்காரங்களுக்கு நான் இதைச் சொல்றதே இல்ல. இப்ப உனக்கு இருபத்தெட்டுன்னு வச்சுக்க, ஆயிரத்துல ஒண்ணுதான். அதுக்குப் போய் யாராவது ஊசி போடுவாங்களா?"

தெய்வம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கட்டாயமாங்கம்மா?"

"கட்டாயமே இல்ல. முழுக்க உன் இஷ்டம்."

இஷ்டம் என்று டாக்டரம்மா மூன்று முறை சொன்னார். தெய்வம்மாவுக்கு அந்த வார்த்தை பழக்கமானதுதான். தாய்நாடு திரும்புவதும் இஷ்டம்தான் என்று கண்டியிலும் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் முடிவு சொல்லவேண்டும், அதற்குமேல் நேரம் கடந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே காத்திருந்த வீரையா, பஸ் பைக்காரா தாண்டும்வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவனுக்கு டாக்டர் வாக்கு வேதவாக்கு.

"டாக்டரம்மா சொன்னா ஊசி போட்டுருவோம் புள்ள. முப்பத்தெட்டு வயசுன்னா சும்மாவா?" என்றவன், ஒரு வளைவு தாண்டிய பிறகு, "அட, நீ முப்பத்தெட்டு இல்லையே" என்றான்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே" என்றாள் அவள்.

அப்படியானால் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தோட்டத்தில் இருந்ததில்லை. அதே லயத்துப் பொன்னாயிக்கு நடந்ததை எல்லாரும் பார்த்தவர்கள். அவள் பாஸ்போர்ட்டில் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்தது. மச்சம் இருந்ததோ இடது கன்னத்தில். அவள்தான் பொன்னாயி என்று நிரூபிக்க ஏழு மாதம் பிடித்தது. ஒரு மச்சத்துக்கே ஏழு மாதம் என்றால் பத்து வருடத்துக்கு என்ன ஆகும்? பேறுகால லீவுக்கு ஆஸ்பத்திரிக் கார்டைத் தோட்டத்து ஆபீசில் காட்டவேண்டும். அதில் இருபத்தெட்டு என்று இருந்தால், அப்போ பாஸ்போர்ட்டில் இருப்பவள் யார், நீ யார் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருந்தது. அதுதான் ஆபத்து.

செல்லையா விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மடித்த காகிதத்தோடு வந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"கவலப்படாத புள்ள. உன்னோட சாவுச் சீட்டு பத்திரமா இருக்கு."

உண்மையிலேயே இருந்தது. தெய்வம்மா, பெண், வயது மூன்று, காரணம் காய்ச்சல். பிறப்புச் சீட்டையும் இதையும் சேர்த்து வைத்தால், அந்தத் தெய்வம்மா போய்விட்டாள், இவள் பின்னால் பிறந்தவள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.

"இதக் காட்டுனா நீ சின்னவன்னு ஆயிரும்" என்றார்.

"அதக் காட்டுனா இவ செத்துட்டாள்னும் ஆயிரும் மாமா" என்றான் வீரையா. "செத்தவளுக்கு எந்தத் தோட்டத்துல வேல குடுப்பான்?"

செல்லையா காகிதத்தைத் திரும்பப் பார்த்தார். அந்தப் பக்கம் அவர் யோசித்திருக்கவில்லை.

தெய்வம்மா அந்த இரண்டு வாரமும் தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டே இதையே நினைத்தாள். புத்தி குறைந்த பிள்ளை பிறக்குமோ என்ற பயம் அவளுக்குப் பெரிதாக இல்லை. ஆயிரத்தில் ஒன்று என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். பயமெல்லாம் ஊசியிடம்தான். நூற்றில் ஒன்று. இரண்டைக் கலையக் கொடுத்தவளுக்கு நூற்றில் ஒன்று என்பது சின்னக் கணக்கு இல்லை. ஊசி போட்டுக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம், காகிதத்துக்கும் மரியாதை. பிள்ளை போனால் அவளுக்கு மட்டும்தான் போகும். அந்த யோசனையில் நின்றபோதுதான் வயிற்றில் முதல் அசைவு தெரிந்தது. கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவள் "என்னடி, அட்டை கடிச்சுருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தாள். செத்தவள் வயசுக்காக இருக்கிறவள் வயிற்றில் குத்துவதாவது என்று அப்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுபடி ஊட்டிக்குப் போனபோது சாவுச் சீட்டைச் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு போனாள். சொல்லிப் பார்ப்போம், தேவைப்பட்டால் காட்டுவோம் என்று எண்ணம்.

"டாக்டரம்மா, எனக்கு நெசமா இருபத்தெட்டுதாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நர்ஸ் யூனிஸ்தான் சிரித்தாள். அவள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. "ஏனுங்க, ஊசின்னதும் எல்லாத்துக்கும் வயசு கொறஞ்சு போயிருதுங்க. உங்களுக்கப்புறம் போன வாரம் வந்த ஒரு அம்மிணி நாலு வயசு கொறச்சாங்க. நீங்க ஒரேடியா பத்துங்களா?"

"இரு யூனிஸ்" என்றார் டாக்டரம்மா. "ஏம்மா, ஆதாரம் ஏதாவது இருக்கா?"

தெய்வம்மாவின் கை மடிப்புக்குப் போனது.

"இருந்தா குடு. கார்டுல திருத்திடறேன். உங்க எஸ்டேட்டுக்கும் நானே ஒரு லெட்டர் போட்டுடறேன். பத்து வருசம் கூட வேலை பார்க்கலாமே நீ. விடக்கூடாது."

அவ்வளவு நல்ல மனது. கெட்டவர்களாக இருந்தால் சமாளித்துவிடலாம். தெய்வம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா. சும்மா சொன்னேன். முப்பத்தெட்டுதான்."

"அப்ப டெஸ்ட்?"

"வேணாங்கம்மா."

டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. இஷ்டம் என்று சொன்னவர் ஆதலால் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இஷ்டமான சோதனையை வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தாள் இருந்தது. யூனிஸ் அதைப் படித்துக் காட்டினாள். முப்பத்தெட்டு வயதான தெய்வம்மா ஆகிய நான், என் வயதினால் பிள்ளைக்கு வரக்கூடிய குறையைப் பற்றி முழுதும் தெரிந்துகொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் மறுக்கிறேன். அவள் வாழ்க்கையில் சொந்த விருப்பத்தின் பேரில் எடுத்த முதல் முடிவு அது. அதையும் அடுத்தவள் வயதில்தான் எடுக்கவேண்டியிருந்தது. முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை, கோணாமல் போட்டாள்.

ஆகஸ்டு மழையில் பையன் பிறந்தான். பரமசிவன் என்று பேர் வைத்தார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்று அவன்தான்.

கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொன்னேனே என்று சொல்கிற ஜாதி இல்லை அவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தப்பு இல்லம்மா. உன் வயசுதான் காரணம்" என்றார். அதற்கு அவர் சொல்லிக்காட்டியே இருக்கலாம்.

தோட்டத்தில் இன்னும் விசேஷமாக நடந்தது. தெய்வம்மாவோடு கூடவே வளர்ந்து, கூடவே கப்பலேறி வந்த பெண்கள்கூட, 'வயசான காலத்துல பெத்தா இப்பிடித்தான் ஆவும்' என்று பேச ஆரம்பித்தார்கள். அவளோடு பல் விழுந்து பல் முளைத்தவர்கள். இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும் ஜனங்களுக்கு. காரணம் சர்க்கார் முத்திரையோடு தயாராக இருக்கும்போது ஞாபகத்தை யார் நம்புவார்கள்? ஒருநாள் செல்லையாவே தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏம்புள்ள, ஒருவேள செத்துப்போனது ரெண்டாவதோ? நாந்தான் கணக்குத் தப்பிட்டனோ?"

தெய்வம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற அந்த நாற்பது நாளும் அவள் அழுதாள் என்பதை மறைப்பதற்கில்லை. தாளில் கையெழுத்துப் போட்ட கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஊசி போட்டிருந்தால் என்று ஒரு நாள் நினைப்பாள். போட்டிருந்தால் இவன் ஏது என்று மறுநாள் நினைப்பாள். பிறகு அவன் பால் குடிக்கப் பழகினான். அவளுக்கும் நினைக்க நேரமில்லாமல் போயிற்று.

பரமசிவன் இரண்டரை வயதில் நடந்தான். நடக்க ஆரம்பித்ததும் நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போனான். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில், ஒவ்வொருவர் கையாகப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வான். தோட்டத்து துரைக்கும் அதே மரியாதைதான். துரை முதல் நாள் கையை உதறினார். பத்தாவது நாள், அவன் காய்ச்சலில் வராதபோது, எங்கே அந்தப் பயல் என்று கேட்டார்.

1983இல் தெய்வம்மா மறுபடியும் உண்டானாள். உள்ளபடி முப்பத்தொன்று, கார்டில் நாற்பத்தொன்று. டாக்டர் ஞானசுந்தரி கார்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் ஒரு அடி விழுந்திருக்கவேண்டியது, கிறிஸ்தவப் பொறுமையால் விழவில்லை.

"நாப்பதுக்கு மேல என்னம்மா இது?" என்றார். பிறகு சமாதானமாகி, "இந்தத் தடவை நான் வயசைப் பத்திப் பேசல. ஏற்கனவே இப்படி ஒரு பிள்ளை இருக்கு. அப்படி இருந்தா, இருபது வயசா இருந்தாலும் டெஸ்ட் எடுக்கச் சொல்வேன். எனக்கு இப்ப ஊசி நல்லாக் கை பழகியிருக்கு" என்றார்.

பொய்க்கு அதில் இடமே இல்லை. கடைசியில் ஒருவழியாக அவளுடைய இரண்டு வயதும் ஒரே பதிலைச் சொல்லின. உண்மையைச் சொல்வதானால், அன்றைக்கு அவள் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வீரையாவோடு பேசி முடிவு பண்ணியாகிவிட்டது. பரமசிவனை இடுப்பில் வைத்தே கொழுந்து எடுத்து அவள் களைத்திருந்தாள். தனக்கப்புறம் இவனை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் இப்படியே வந்தால் தாங்கமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சரியைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை.

பரமசிவன் அவள் மடியில் உட்கார்ந்திருந்தான். மேஜைக்கு மேலாக எட்டி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். டாக்டரம்மா கையை எடுக்காமலே பேசினார்.

"தண்ணி எடுத்துப் பம்பாய்க்கு அனுப்புவோம். நாலு வாரத்துல தெரியும். ஒருவேளை இதுவும் அப்படின்னா, வேண்டாம்னு..."

நிறுத்தினார். கை அவன் கன்னத்தில் இருந்தது. அவன் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி, மிச்சத்தைக் கேட்கக் காத்திருந்தான்.

"யூனிஸ்" என்றார் டாக்டரம்மா, "பையனைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ."

யூனிஸ் வந்து கையை நீட்டினாள். அவன் போகத் தயாராகத்தான் இருந்தான், யார் கூப்பிட்டாலும் போகிறவன். தெய்வம்மாவின் கைதான் அவனை விடவில்லை. அப்படிப் பிடிப்பாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"இருக்கட்டுங்கம்மா" என்றாள். "அவன் தம்பி தங்கச்சியப் பத்துன பேச்சுதானே. அவனும் கேக்கட்டும். சொல்லுங்க, அப்பிடின்னா?"

டாக்டரம்மா அந்தப் பேச்சை முடிக்கவில்லை. சரி என்று சொல்ல வந்தவளும் அதைச் சொல்லவில்லை.